வரிசையின் நடு வீட்டுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நகருக்குள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் நடுவில் உள்ள ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், வயது 35. விற்பவர் கேட்பதை 100 என்று வைத்துக்கொண்டால், அதே வரிசையின் கடைசி வீடு நான்கு மாதம் முன்பு 110க்குக் கைமாறியிருக்கிறது. அந்த வீட்டுக்கு மொட்டை மாடியில் கூடுதலாக ஓர் அறை உண்டு. "அப்படியானால் இது மலிவுதானே? புதிதாக பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, பொறியாளரை அழைப்பதற்கு முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?" என்று கேட்கிறீர்கள். விலை ஒரு கேள்வி, வீட்டின் நிலை இன்னொரு கேள்வி என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். பிரிக்க முடியாது. 110லிருந்து எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கழிக்க வேண்டியதில் பாதி அந்தப் புது பெயிண்டுக்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் அந்த 100ஐக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இது சும்மா சொல்லும் அறிவுரை அல்ல. 1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அரிசோனாவின் டூசான் நகரில் வீடு விற்கும் முகவர்களை ஒரே வீட்டுக்குள் அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார்கள். கையில் கொடுத்த தாளில் எல்லா விவரமும் ஒன்றுதான், விற்பவர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. தொழிலிலேயே இருந்தவர்கள் போட்ட மதிப்பும் அந்த விலையின் பக்கமே சாய்ந்தது. கேட்ட விலையைப் பார்த்துத்தான் மதிப்பிட்டோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலர். தொழில்காரர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் உங்கள் கணக்கை 110லிருந்து, அதாவது உண்மையில் பணம் கைமாறிய விலையிலிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தில் தொங்கும் விலைகள் எத்தனை சேர்ந்தாலும் ஒரு கிரய விலைக்கு ஈடாகாது. ஒரு வருடத்துக்குள் அதே தெருவில் விற்ற வீடுகள் மூன்று நான்கு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரே கட்டுமானம் கொண்ட பக்கத்துத் தெரு வரைக்கும் போகலாம், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது பரப்பளவு. வரிசை வீடுகளில் ஏமாற்றமும் சண்டையும் அதிகம் வருவது இங்கேதான். விளம்பரத்தில் "5 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், மூன்று தளம், 150 சதுர மீட்டர்" என்று இருக்கும். அகலம் எங்கிருந்து எங்கே அளந்தது? பொதுச்சுவரின், அதாவது பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவரின், நடுவிலிருந்து அடுத்த பொதுச்சுவரின் நடுவரைக்கும் 5 மீட்டர் என்றால், சுவர் 23 செ.மீ. கனத்தில் உள்ளே கிடைப்பது 4.77 மீட்டர். முன்சுவரும் பின்சுவரும் ஆளுக்கு 23 செ.மீ. எடுத்துக்கொள்ள நீளம் 9.54 ஆகிறது. பெருக்கினால் ஒரு தளத்துக்கு 45.5 சதுர மீட்டர். 150 என்று சொன்ன வீட்டில் 136.5தான் இருக்கிறது. இதற்குள்தான் படிக்கட்டும். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரம், படி ஒன்று 17 முதல் 18 செ.மீ. என்றால் 17 படி வேண்டும். திரும்பி ஏறும் படிக்கட்டாகக் கட்டினால் நடுவில் நிற்கும் இடத்தையும் சேர்த்து ஏறத்தாழ 5 சதுர மீட்டர் போய்விடும். ஒவ்வொரு தளத்திலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறி இறங்கவே செலவாகிறது. ஒரே மட்டத்தில் விரியும் அடுக்ககத்தின் சதுர மீட்டர் விலையை வைத்து இந்த வீட்டை மதிப்பிடக் கூடாது என்பது இதனால்தான். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அறை அறையாக நீங்களே அளந்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

சதுர மீட்டர் விலைக்கு இன்னொரு குறையும் உண்டு. கடைசி வீட்டின் மாடி அறை 18 சதுர மீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுடையதை மேலே போட்ட 136.5 என்றும், அதை 18 கூட்டி 154.5 என்றும் வைத்து, இரண்டு வீட்டின் விலையையும் பரப்பால் வகுத்தால் அதற்கு 0.71, உங்களுடையதற்கு 0.73 வரும். மலிவாகத் தெரிந்த வீடு அளவுக்கு அளவு பார்த்தால் சற்று விலை கூடியது. இதை வைத்துக்கொண்டு 18 சதுர மீட்டருக்கும் 0.71 வீதம் கழித்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் தவறு. இரண்டு வீட்டுக்கும் அடிமனை ஒரே அளவு என்றே வைத்துக்கொள்கிறேன். மாடியில் அறை கட்டுவதால் மண் கூடுவதில்லை. எனவே அந்த அறையைக் கட்டும் செலவின் அளவில் மட்டும், அதிலும் தேய்மானம் போக மீதியை மட்டும் கழிக்க வேண்டும். கடைசி வீட்டுக்குப் பக்கவாட்டில் ஜன்னல் உண்டு, நடு வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சம். அதற்கும் ஒரு தொகை உண்டு. அதை ஊகிக்காமல், ஏதாவது ஒரு வரிசையில் நடு வீடும் ஓர வீடும் அடுத்தடுத்து விற்ற சோடி ஒன்றைத் தேடிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"மண்ணின் விலை, அதோடு கட்டடத்தின் மீதி மதிப்பு" என்று கூட்டிப் பார்க்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். இன்று கட்ட 60 ஆகும், ஆயுள் 70 வருடம், 35 முடிந்தது, ஆகவே 30 என்று போவது. ஒத்துப் பார்க்க உதவும், அவ்வளவுதான். இரு பக்கமும் சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் வீட்டின் அடிமனை தனியாக விற்பதில்லை, நினைத்தபோது இடித்துக் கட்டவும் முடியாது. அதனால் மண் விலை என்று போடும் எண்ணே ஆட்டம் காணும். வாடகையை வைத்துப் பார்ப்பது இதைவிட மேல். வரி, பழுது, காலியாகக் கிடக்கும் மாதங்கள் போக ஆண்டு வாடகை விலையில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதே தெருவின் மற்ற வீடுகளோடு ஒப்பிடுங்கள்.

இனி வீட்டுக்குப் போகலாம். நேராக உள்ளே நுழையாதீர்கள். எதிர்ப்புற நடைபாதையில் நின்று முழு வரிசையையும் பாருங்கள். ஜன்னல் மேல்விளிம்புகள், சன்ஷேடுகள், கைப்பிடிச்சுவர் எல்லாம் வீட்டுக்கு வீடு ஒரே கோட்டில் போகின்றனவா? ஓரிடத்தில் கோடு தாழ்ந்தால் அங்கே அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது. அது உங்கள் வீடாக இல்லாமல் அடுத்த வீடாக இருந்தாலும் கவலைப்பட வேண்டியதுதான், ஏனென்றால் இறங்கும் வீடு பொதுச்சுவரையும் சேர்த்தே இழுக்கும். பக்கத்து வீட்டில் அண்மையில் நிலவறை தோண்டினார்களா, தரைத்தளத்துச் சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கினார்களா, மேலே ஒரு மாடி ஏற்றினார்களா என்று விசாரியுங்கள். தனி வீட்டில் இது அக்கம்பக்கப் பேச்சு. இங்கே உங்கள் சுவரின் கதை.

உள்ளே போகும்போது பிரகாசமான டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். புது பெயிண்ட் அடித்த சுவரை நேராக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்தாற்போல் பிடியுங்கள். பட்டி பார்த்து மூடிய விரிசல் நிழல் கோடாக எழுந்து நிற்கும், ஈரத்தில் உப்பிய பூச்சு மேடாகத் தெரியும். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் கோடுகளை முக்கியமாகத் தேடுங்கள். அதே இடத்தில் வெளிப்புறத்திலும் விரிசல் இருந்தால் அது பூச்சில் மட்டும் விழுந்த கீறல் அல்ல, சுவரே பிளந்திருக்கிறது. அகலத்தைப் பொறுத்தவரை பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது: 1 மி.மீ. வரை பெயிண்ட் வேலையோடு போகும், 5 மி.மீ. வரை அடைத்துச் சரிசெய்யலாம், கதவு ஜன்னல் சற்று இறுகும். 5 முதல் 15 மி.மீ. என்றால் கொத்தனார் செங்கலைப் பிரித்து வேலை செய்ய வேண்டியிருக்கும். 15க்கு மேல் போனால் சுவரின் ஒரு பகுதியை இடித்துக் கட்டுவது வரை போகலாம். மேலே அகன்று கீழே குறுகிய விரிசல் ஓரம் இறங்கியதைக் காட்டும், கீழே அகன்றது நடு இறங்கியதை. முன்சுவரும் பொதுச்சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழே நேர்க்கோடாக இடைவெளி விட்டிருந்தால் முன்சுவர் தெருப்பக்கம் சாய்கிறது என்று சந்தேகப்படுங்கள். தளத்தின் உத்திரங்கள் பொதுச்சுவரிலிருந்து பொதுச்சுவருக்கு ஓடும் வீடுகளில் முன்சுவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் போவதால் இது வருகிறது. மாடி ஜன்னலிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஒரு தள உயரத்தில் 25 மி.மீ.க்கு மேல் விலகினால் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் ஒன்று மட்டும் தெரியாது: விரிசல் பழையதாகி நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா. உள்ளே பழைய பெயிண்டும் தூசியும் படிந்திருந்தால் பழையது என்று கொள்ளலாம், விளிம்பு பளிச்சென்று கூராக இருந்தால் புதியது. உறுதியாகச் சொல்ல ஒரே வழி, விரிசலின் இரு பக்கமும் குறி வைத்து மாதக்கணக்கில் அளப்பதுதான். களிமண் நிலத்தில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் என்பதால் ஒரு வருடம்கூட ஆகலாம். வாங்குகிறவருக்கு அவ்வளவு காலம் கிடைக்காது. ஆகவே ஒருமுறை வந்து பார்த்துவிட்டு "இது ஆபத்தில்லாத விரிசல்" என்று அடித்துச் சொல்பவரைவிட, "இன்றைய நிலையில் இவ்வளவுதான் சொல்ல முடியும்" என்று எழுதித் தருகிற பொறியாளரை நம்பலாம்.

35 வருடக் கட்டடத்தில் விரிசலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. அந்த மாற்றம் கம்பி வரை எட்டி, ஈரமும் சேர்ந்தால் துரு பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும் என்பதால் உள்ளிருந்தே காரையைத் தள்ளி உடைக்கிறது. குளியலறைக்குக் கீழே வரும் கூரையடி, சன்ஷேடு, படிக்கட்டின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ் ஆகிய இடங்களில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் தெரிகிறதா, பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் பொக்கென்று கேட்கும். பொறியாளர் வரும்போது புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசல் தெளிக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பாக மாறும் பகுதியில் காரம் இருக்கிறது, நிறம் மாறாத ஆழம் காரம் போனது. இந்த ஆழம் ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும், அதாவது ஆழம் இரட்டிக்க நான்கு மடங்கு காலம் வேண்டும். கம்பியை மூடியிருக்கும் கனம் 20 மி.மீ., காரம் போனது 12 மி.மீ. என்றால் அவகாசம் நிறைய உண்டு. மேல் மாடியில் புதிதாகப் பொய்க்கூரை போட்டிருந்தால் விளக்கு மாட்டிய ஓட்டை வழியாகவாவது மேலே பார்க்க வேண்டும். பார்க்க விடவில்லை என்றால் அங்கே கம்பி தெரிகிறது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

ஓதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வரிசை வீட்டில் அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், நிற்கும் இடத்தில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு இருக்கும். கீழ் ஒரு மீட்டருக்கு மட்டும் புது டைல்ஸ், புதுப் பலகை, புதுப் பூச்சு என்று இருந்தால் காரணம் கேளுங்கள். பொதுச்சுவரில் இடுப்புக்கு மேலே திட்டாக ஈரம் இருந்தால், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டின் குளியலறையோ குழாயோ ஓடுகிறது. உங்கள் பக்கம் எத்தனை முறை பூசினாலும் அது உரியும். சரிசெய்ய வேண்டியது அவர் வீட்டில். எனவே இந்தத் திட்டுக்குப் பழுதுச் செலவோடு பக்கத்து வீட்டாரின் மனசும் கணக்கில் வரும். கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொண்டு கேட்டுவிடுங்கள், பலரும் ஒளிக்காமல் சொல்வார்கள். சுவரின் ஈரமா, அறைக் காற்றின் ஈரம் படிந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு சாண் அளவு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் முத்து முத்தாகப் பூத்தால் சுவர், முன்னால் என்றால் காற்று. ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம். உப்பு படிந்த சுவர் காய்ந்திருந்தாலும் அது ஈரம் என்றே காட்டும்.

மொட்டை மாடியில் தண்ணீர் வழியும் ஓட்டைகளைப் பாருங்கள். பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர் உங்கள் மாடி வழியாகப் போகிறதா என்பதும் முக்கியம். ஓட்டையை அடைத்து 25 மி.மீ. தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. விற்பவர் சம்மதிப்பது அரிது, அதனால் நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை போங்கள். கழிவுநீருக்கு மேல் மாடிக் குழாய்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கீழே தொட்டி மூடியைத் திறந்து ஓட்டத்தைப் பாருங்கள். ஒரே சாக்கடைக் குழாய் பல வீட்டுக்கடியில் போனால், அடைத்துக்கொள்ளும்போது யார் செலவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாக் குழாயையும் மூடி அரை மணி நேரம் மீட்டரைக் கவனித்தால் உள்கசிவு தெரிந்துவிடும். குழாய் எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் காசு விளிம்பால் சுரண்டுங்கள்: மெத்தென்று சுரண்டப்பட்டு வெள்ளியாக மின்னி, காந்தமும் ஒட்டவில்லை என்றால் ஈயம், மாற்றியே ஆக வேண்டும். மின்சாரப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்த்தால் போதும், மற்றதை மின்பணியாளர் பார்க்கட்டும். அனுமதி பெற்ற வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். வரைபடத்தில் உள்ள சுவர் வீட்டில் இல்லை என்றால் அது எடையைத் தாங்கிய சுவரா என்பதே முதல் கேள்வி. ஓர் இரவு, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். பொதுச்சுவர் வழியாக என்ன கேட்கிறதோ அதைப் பின்னாளில் குறைப்பது கடினம்.

இப்போது கழித்தல். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் மதிப்பீட்டை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 110லிருந்து மாடி அறைக்கு 5, ஓர வீட்டின் பக்கவாட்டு ஜன்னல்களுக்கு 3 போனால் 102. மாடித்தளம் ஒழுகாமல் செய்ய 2, குளியலறைக்குக் கீழ்த் துருக் கம்பி வேலைக்கு 2, வயரிங் மாற்ற 3, மொத்தம் 7. பழைய வீட்டில் திறந்தால் கூடும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 8.4. மீதி 93.6. இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். 110க்கு விற்ற வீட்டிலும் அதே 35 வருட வயரிங்தான் இருந்தது என்றால், அதை வாங்கியவர் அந்தக் குறையோடுதான் அந்த விலை கொடுத்திருக்கிறார். அதை மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு. அப்போது கழிக்க வேண்டியது 4, கூடுதலோடு 4.8, மீதி 97 சொச்சம். ஆகவே கடைசி வீட்டை வாங்கியவர் என்ன நிலையில் வாங்கினார் என்று விசாரிப்பதுதான் உங்களுக்கு இன்று மிச்சமிருக்கும் மிகப் பயனுள்ள வேலை. 93க்கும் 97க்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை அந்த ஒரு பதில் சொல்லிவிடும். சமையலறை அலமாரி பிடிக்கவில்லை, தரை நிறம் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் பேரத்தில் சொல்லலாம், கணக்கில் சேர்க்காதீர்கள்.

விற்பவர் இதை என்ன விலைக்கு வாங்கினார் என்பதும் தெரிந்தால் நல்லது. பாஸ்டன் நகர அடுக்கக வீடுகளை வைத்து ஜெனிசோவ், மேயர் என்ற பொருளியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், வாங்கிய விலைக்குக் கீழே போகும் நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள், விற்கவும் அதிக நாள் ஆயிற்று என்று கண்டார்கள். உங்கள் விற்பவர் அப்படிப்பட்டவரானால் எவ்வளவு நியாயமான கணக்கைக் காட்டினாலும் இன்றைக்கு இறங்க மாட்டார். பொறியாளர் அறிக்கையின் ஒரு நகலையும் உங்கள் தொகையையும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள். பொறியாளரை மட்டும் நீங்களே தேடிப் பிடியுங்கள், தரகர் கூட்டி வருபவர் வேண்டாம்.